நிக்காஹ் வீட்டுப் பாட்டும் போட்டோவும் யாருக்குச் சொந்தம்?

திருக்கோவிலூரில் ஒரு நிக்காஹ் வீட்டைக் கடந்து போனால் மைக் செட்டில் மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ.எம்.ஹனிபா அவர்களின் குரல் கேட்கும். அந்தப் பாட்டுக்கு யாரிடமும் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். வாங்க வேண்டியதும் இல்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், மதச் சடங்குகளின்போது பாட்டு ஒலிக்கச் செய்வதற்கு 52-வது பிரிவில் விலக்கு தருகிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய விசேஷங்களும் அதில் அடங்கும் என்று அதே பிரிவு விளக்கமும் சொல்கிறது. இதற்குப் பிறகும் மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் பணம் கேட்கிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன. திருமணங்களுக்கு அப்படி வசூலிக்கக் கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசே பொது அறிவிப்பு வெளியிட்டது. (மைக் வைத்துப் பாட்டுப் போடலாமா என்பது தனி மஸ்அலா. இங்கே சட்டத்தை மட்டும் பார்க்கிறோம்.)

சிக்கல் மறுநாள் ஆரம்பிக்கிறது. மாப்பிள்ளையின் தம்பி கல்யாண வீடியோவில் அதே பாட்டைச் சேர்த்து யூடியூபில் ஏற்றுகிறார். விலக்கு சடங்கோடு முடிந்துவிட்டது. இணையத்தில் ஏற்றுவது வேறு செயல். ஒலிப்பதிவு கம்பெனி புகார் கொடுத்தால் வீடியோ நீக்கப்படும். 90 நாளில் மூன்று எச்சரிக்கை வந்தால் சேனலே போய்விடும். 'பாடியவருக்கு நன்றி' என்று கீழே எழுதிவிட்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். நன்றி சொல்வது நல்ல அக்லாக், ஆனால் அது அனுமதி ஆகாது. செல்போன் கடையில் மெமரி கார்டில் 500 பாட்டு ஏற்றித் தருகிறார்களே, அதற்கும் இதே சட்டம்தான்.

ஒரு பாட்டுக்கு ஒரே சொந்தக்காரர் என்பதும் தவறான எண்ணம். வரிகள் எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டு அமைத்தவருக்கு ஓர் உரிமை. இவை அவரவர் மரணத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒலிப்பதிவு செய்த கம்பெனிக்கு, வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுகள். பாடியவருக்குத் தனியாக 50 ஆண்டுகள். ஹனிபா அவர்களின் குரலை நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அந்த வரிகளை எழுதிய கவிஞர்களின் பெயரைக் கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள்.

நம் குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமானது கல்யாண போட்டோ. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் வீடியோவுக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-வது பிரிவு. கேமரா பிடித்தவர் அல்ல. மணப்பெண்ணின் படத்தை ஸ்டுடியோ தன் விளம்பரத்திலோ இன்ஸ்டாகிராமிலோ போட வேண்டுமானால் உங்களிடம் கேட்டாக வேண்டும். பர்தா பேணும் குடும்பங்கள் முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் 'படங்களை வெளியிடக் கூடாது' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்டுடியோவின் அச்சடித்த ஒப்பந்தத்தில் உரிமை தங்களுக்கே என்று பொடி எழுத்தில் இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பயானுக்கும் இது உண்டு. பொதுமேடையில் பேசியதன் முதல் உரிமையாளர் பேசியவரே என்று அதே 17-வது பிரிவு சொல்கிறது. ஒரு ஆலிமின் பேச்சில் இரண்டு நிமிடத்தை வெட்டி, பொருள் மாறும்படி தலைப்பிட்டுப் பரப்பினால், அவருடைய கண்ணியத்துக்குக் கேடு வரும் பட்சத்தில் அதைத் தடுக்க 57-வது பிரிவில் வழி இருக்கிறது. நம் முன்னோர்களிடம் இஜாஸா என்ற முறை இருந்தது. உஸ்தாதின் அனுமதி இல்லாமல் அவருடைய கிதாபை அறிவிக்கத் தயங்கினார்கள். அங்கே பேச்சு காசைப் பற்றியதல்ல, யார் சொன்னது, சொன்னபடியே வருகிறதா என்பதைப் பற்றியது.

பாட்டின் உரிமை கைமாறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பாரதியார் சாட்சி. 1921-ல் அவர் இறந்தபின், பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது அவர் சட்ட நடவடிக்கை எடுத்தார். நாடே பாடிய பாட்டுக்கு ஒருவர் தடை கேட்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. 1949-ல், நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரரான ஓமந்தூரார் தலைமையிலிருந்த அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் விலை வாங்காமலே விட்டுக்கொடுத்தார். ஆ.இரா.வேங்கடாசலபதி இதைத் தனிநூலாகவே எழுதியிருக்கிறார். பாரதிக்கு ஒரு அரசு வந்தது. நம் இஸ்லாமியப் பாடலாசிரியர்களுக்கு அப்படி யார் வரப்போகிறார்கள்?

ஷரீஅத் என்ன சொல்கிறது? பழைய ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு நேரடி விடை இல்லை. உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) இதை விற்கத்தக்க உரிமையாக ஏற்கவில்லை. அவருடைய மகனார் முஃப்தி தகீ உஸ்மானீ ஏற்கிறார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமையும் வணிகப் பெயரும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. எனக்கு இந்தத் தீர்மானமே சரியாகப் படுகிறது.

இதை ஏற்றால் அடுத்த கேள்வி தானாக வரும். அது மால் என்றால் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. கவிஞருக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனின் பங்கில் பாதி, வீட்டையும் நிலத்தையும் பிரிப்பது போலவே. நம் ஊர்களில் பாகப்பிரிவினையில் பாட்டைச் சேர்த்து நான் பார்த்ததில்லை.

உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 1995-க்குப் பிறகு காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் 5 ஆண்டுகளில் அது முடிந்து, உரிமை குடும்பத்துக்கே திரும்பியிருக்கும். பாட்டு எழுதிய அத்தாவின் ட்ரங்குப் பெட்டியில் கேசட் கம்பெனிக் கடிதங்கள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.