பழைய படைத்துப்பாக்கிகளின் மறுவடிவமும் ஆயுத அதிகாரமும்: குளச்சல் முதல் இஷாப்பூர் வரை

ஆய்வுச் சுருக்கம்

படைகளில் வழக்கொழிந்த துப்பாக்கிகளைத் திருத்தி வேறு பணிகளுக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் சிக்கனம் சார்ந்த தொழில்நுட்பச் செயலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இந்தியாவில் அத்தகைய திருத்தங்கள் ஆயுதத்தின் ஆற்றலைக் கூட்டுவதற்காக மட்டுமன்றி, அதைத் திட்டமிட்டுக் குறைப்பதற்காகவும் செய்யப்பட்டன. யார் கையில் எத்தகைய துப்பாக்கி இருக்கலாம் என்ற அரசியல் முடிவு குழலின் விட்டத்திலும் தோட்டாவின் வடிவிலும் பதிவாகியுள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருவிதாங்கூர், ஸ்னைடர், லீ-என்ஃபீல்டு, .410 மஸ்கட், இஷாப்பூர், ஆயுதச் சட்டம்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி இன்று கனிம மணலுக்காக அறியப்படும் ஊர். ஆயுத வரலாற்றை ஆராய்வோருக்கு இக்கடற்கரை வேறொரு காரணத்தால் முக்கியமானது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள குளச்சலில் 1741இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. டச்சுக்காரரின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் திருவிதாங்கூர் வசமாயின. சிறைப்பட்டவருள் ஒருவரான டிலனாய் பின்னர் அதே அரசின் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலைக்களம் இயங்க வழிவகுத்தார். பிறர் ஆயுதத்தைக் கைப்பற்றவும், தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும், புதிதாகச் செய்யவும் உள்ளூர் அரசு ஒன்றுக்கு உரிமை இருந்த காலம் அது.

அவ்வுரிமை நெடுநாள் நிலைக்கவில்லை. மணவாளக்குறிச்சிக்கு அருகிலுள்ள தலக்குளத்தில் பிறந்த திவான் வேலுத்தம்பி 1809இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தார். கர்னல் செயின்ட் லெஜரின் படை அவ்வாண்டு பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரணைக் கடந்து நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டு, அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்கும் போதுமான சிறு பிரிவு மட்டும் விடப்பட்டது. 1830 முதல் நாயர் பிரிகேடு எனப் பெயர் பெற்றது இதன் தொடர்ச்சியே. குளச்சல், தலக்குளம், உதயகிரி, பத்மநாபபுரம் ஆகிய நான்கும் கல்குளம் வட்டத்துக்குள் அடங்குவன. ஆயுத உரிமை பெற்றதும் இழந்ததும் ஒரே வட்டத்தின் எல்லைக்குள் நிகழ்ந்துள்ளன. இதற்குப் பின் எந்தத் துப்பாக்கி, எந்த வடிவில், எவருக்கு என்பதை ஆங்கிலேய அரசே முடிவு செய்தது. அம்முடிவின் தெளிவான சான்றுகள் 1857க்குப் பிந்தைய துப்பாக்கித் திருத்தங்களில் கிடைக்கின்றன.

புரியை அழித்த திருத்தம்

1857 கிளர்ச்சியோடு இணைத்துப் பேசப்படும் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அதன் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுழற்புரிகள் குண்டைச் சுழலச் செய்து, பல நூறு கெஜத் தொலைவுக்குக் குறி தவறாமல் செலுத்தின. தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றி நம் பாடநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. கிளர்ச்சி அடங்கியபின் அத்துப்பாக்கிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தியச் சிப்பாய்களுக்கென அதன் குழல் குடைந்து அகலமாக்கப்பட்டது. புரிகள் அழிந்து உட்புறம் வழுவழுப்பாயிற்று. தொலைவுக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிபார்க்கும் அமைப்பு நீக்கப்பட்டு, அசையாத எளிய அமைப்பு பொருத்தப்பட்டது. இதுவே 1858ஆம் ஆண்டு மாதிரி. நூறு கெஜத்துக்கு அப்பால் அதை நம்பிச் சுட இயலாது. குடைந்ததால் குழலின் சுவர் மெலிந்து உறுதி குறைந்தமையால், அடுத்த ஆண்டே தடித்த குழலுடன் புதிய மாதிரி தேவைப்பட்டது. ஆகவே இத்திருத்தத்தைச் சிக்கனம் என்று விளக்க இடமில்லை. நல்ல துப்பாக்கியைச் செலவு செய்து கெடுத்து, அது போதாதென்று மீண்டும் செலவு செய்து கெட்ட துப்பாக்கியையே புதிதாகச் செய்தனர். பீரங்கிப் படையை ஐரோப்பியர் கையில் வைத்திருக்க வேண்டும் என்றும், சென்னை, பம்பாய்ப் படைகளில் மூன்று இந்தியருக்கு ஓர் ஐரோப்பியர் இருக்க வேண்டும் என்றும் பீல் ஆணையம் பரிந்துரைத்ததும் இதே காலத்தில்தான்.

இதே என்ஃபீல்டு பிரிட்டனில் நேர்மாறான திருத்தம் பெற்றது. ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் அமைப்பு 1866இல் ஏற்கப்பட்டது. குழலின் அடிப்பகுதியில் இரண்டரை அங்குலம் அளவுக்கு வெட்டி நீக்கி, பக்கவாட்டில் திறக்கும் மூடியுடைய உறுப்பைப் பொருத்தினர். நிமிடத்துக்கு மூன்று முறை சுட்ட வீரர் இப்போது பத்து முறை வரை சுட முடிந்தது. பழைய துப்பாக்கிக்குப் புத்துயிர் அளித்த இத்திருத்தம் இந்தியச் சிப்பாய்களை எட்டியபோது ஆங்கிலேய வீரர்கள் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியிருந்தனர். மார்ட்டினி-ஹென்றி இந்தியர் கைக்கு வந்தபோது ஆங்கிலேயர் லீ-மெட்ஃபோர்டைப் பெற்றிருந்தனர். ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதம் என்ற இக்கொள்கை, 1878–80 ஆப்கானியப் போரில் ஒரே அணியில் நின்ற இருவகை வீரர்களின் தோள்களிலும் வெளிப்படையாகத் தெரிந்தது.

.410 மஸ்கட்

இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை கல்கத்தாவுக்கு அருகில் 1904இல் நிறுவப்பட்டது. அங்குச் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு (.303, அதாவது 7.7 மி.மீ.) பத்துத் தோட்டாக்களை ஏற்கும் விரைவான ரைஃபிள். சிறைக் காவலர், காவல்துறையினர் போன்றோருக்கு ஆயுதம் தர வேண்டும். ஆனால் அது படைக்குச் சமமான ஆயுதமாக இருக்கக் கூடாது. இச்சிக்கலுக்கு விடையாக வந்ததே .410 மஸ்கட்.

அதன் திருத்த முறை நுணுகி நோக்கத்தக்கது. .303 குழல் ஏறத்தாழ 10.4 மி.மீ. அளவுக்குக் குடையப்பட்டுப் புரிகள் நீக்கப்பட்டன. தோட்டாப் பெட்டிக்குள் மரக்கட்டை ஒன்றை அடைத்ததால், ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவை மட்டுமே இட முடிந்தது. இவ்விரண்டையும்விடக் கூர்மையான ஏற்பாடு தோட்டாவில் இருந்தது. .303 தோட்டாவின் உறையைக் கழுத்துக் குறுக்காமல் நேராக விட்டு, .410 மஸ்கட்டுக்கென்றே தனித் தோட்டா உருவாக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் .410 வேட்டைத் தோட்டா அதைவிடத் தடித்தது. ஆகவே இதில் சரியாகப் பொருந்தாது. .303 படைத்தோட்டாவின் குண்டோ அகன்ற குழலில் பிடிப்பின்றி ஓடிப் பயனற்றுப் போகும். எவரேனும் இத்துப்பாக்கியைப் பறித்துச் சென்றாலும், அரசு வழங்கும் தோட்டா தீர்ந்தபின் அது வெறும் இரும்புத் தடியே. தோற்றத்தில் மட்டும் அது லீ-என்ஃபீல்டாகவே இருந்தது. கூட்டத்தின் முன் நிறுத்தப்பட்ட காவலரிடம் ஆட்சி எதிர்பார்த்தது பெரும்பாலும் அத்தோற்றத்தைத்தான் எனக் கருதலாம்.

1962க்குப் பின்

விடுதலைக்குப் பின் அதே தொழிற்சாலையில் திருத்தத்தின் திசை மாறியது. 1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் .303 ரைஃபிள்களுடன் நின்றது பெரும் விவாதத்துக்குள்ளானது. படை 7.62 மி.மீ. தோட்டாவுக்கும் தானே மறுதோட்டா ஏற்றும் ரைஃபிளுக்கும் மாறத் தொடங்கியது. அம்மாற்றம் நிறைவுற ஆண்டுகள் பலவாகும் என்பதால், பழகிய லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே புதிய தோட்டாவைச் சுடும் 2ஏ, 2ஏ1 ரைஃபிள்களை இஷாப்பூர் உருவாக்கியது. இவற்றைப் பழைய துப்பாக்கிகளின் குழலை மாற்றியவை எனக் கூறும் வழக்கம் உண்டு, அது பிழை. 7.62 தோட்டாவின் அழுத்தம் மிகுதி என்பதால் இவற்றின் உடல் உறுதி மிக்க எஃகில் புதிதாகவே செய்யப்பட்டது. தோட்டாப் பெட்டி பன்னிரண்டு தோட்டாக்களுக்கு ஏற்ப மாறியது. 2ஏ மாதிரியில் 2000 மீட்டர் வரை இருந்த குறியளவு 2ஏ1 மாதிரியில் 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவரைத் தனிவீரர் குறிவைப்பார் என்ற விக்டோரியா காலக் கற்பனை அத்துடன் முடிந்தது. பிரிட்டனும் இதே தோட்டாவுக்காகத் தேர்ந்தெடுத்த பழைய லீ-என்ஃபீல்டுகளை எல்42ஏ1 என்ற குறிசுடும் ரைஃபிளாக மாற்றிப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது.

காவல்துறையில் பழைய .303 நெடுங்காலம் நீடித்தது. 2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளை எதிர்கொண்ட காவலர் சிலரிடம் இருந்தது இதுவே. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்புடன்தான் அதற்கு விடை கொடுத்தது.

குடிமக்களுக்கான தோட்டா

குடிமக்களைப் பொறுத்தவரை பழைய தருக்கமே தொடர்ந்தது எனலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962இல் வகுக்கப்பட்ட விதிகளின் அட்டவணை, .303, 7.62 மி.மீ. படைத்தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைஃபிள்களைத் தனி வகையில் வைத்தது. அதே வகையில் .410 மஸ்கட்டும் இடம்பெற்றது. வலுக்குறைக்கவே உருவாக்கப்பட்ட துப்பாக்கி சட்டத்தின் பார்வையில் படைத்துப்பாக்கிகளுக்கு இணையானது. அதன் தோட்டா அரசின் தோட்டா என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

உரிமம் பெற்ற விவசாயிக்கும் காவலாளிக்கும் கிடைத்தது .315 ரைஃபிள். லீ-என்ஃபீல்டின் தாழ் அமைப்பையே கொண்டு இஷாப்பூரில் செய்யப்பட்டது இது. படைத்தோட்டா பொதுமக்களிடம் கசியக் கூடாது என்ற பிரித்தானியக் காலத் தடையை ஒட்டி அமைந்தது அதன் குழல் அளவு. ஆயினும் .315 தோட்டா வேட்டைக்கெனப் பிறந்ததன்று. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படை பயன்படுத்திய 8 மி.மீ. தோட்டாவே அது. கொல்லும் ஆற்றலில் .303க்குப் பெரிதும் குறைந்ததும் அன்று. தடை அஞ்சியது தோட்டாவின் வலிமையை அன்று, அரசின் கிடங்கிலிருந்து அது வெளியேறுவதையே. அமெரிக்காவிலும் கனடாவிலும் உபரிப் படைத்துப்பாக்கிகளை வாங்கிக் கட்டையைக் குறைத்து மான்வேட்டைக்குப் பயன்படுத்திய வழக்கம் இங்கு உருவாகாததற்கும் இதுவே காரணம். அங்கே உரிமையாளரின் பட்டறையில் நடந்த திருத்தம் இங்கே அரசின் தொழிற்சாலைக்குள் மட்டுமே நடந்தது.

அரசுத் தொழிற்சாலையிலிருந்து முறையாக விற்கப்பட்ட அதே .315 தோட்டாவுக்கு ஏற்பவே, பிற்காலத்தில் உத்தரப் பிரதேசம், பீகார் ஊர்ப்புறப் பட்டறைகளில் உரிமமற்ற 'கட்டா' எனும் நாட்டுக் கைத்துப்பாக்கிகள் பெருமளவில் செய்யப்பட்டன.