ஓடிப்போனவன் என்னும் சொல்

கடன் தாங்காத ஒருவன் இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், விடிந்ததும் ஊர் அவனுக்கு ஒரே பெயரைத்தான் சூட்டும்: 'ஓடிப்போனவன்'. அவன் ஏன் போனான் என்பதை அச்சொல் சொல்வதில்லை. தீர்ப்பை மட்டும் எழுதிவிடுகிறது. இத்தகைய சொல் ஒன்று பண்டைய எகிப்திலும் வழங்கியது. அதன் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

'அனகோரேசிஸ்' என்பது அக்கிரேக்கச் சொல். ஒதுங்கிச் செல்லுதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் எகிப்திய மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், வரிக்கும் கட்டாய வேலைக்கும் அஞ்சிய உழவன் தன் ஊரைவிட்டு மறைந்துபோவதையே அது பெரிதும் குறிக்கிறது. உரோமை ஆட்சியில் 14 வயது நிரம்பிய ஆண்கள் அறுபதைக் கடக்கும்வரை தலைவரி செலுத்தவேண்டியிருந்தது. 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுவாரியாகக் கணக்கெடுத்தனர். அதன்பொருட்டு, கி.பி. 104-இல் ஆளுநர் விபியுஸ் மாக்சிமுஸ், வெளியிடங்களில் இருப்போர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பவேண்டுமென ஆணையிட்டார்.

போனவனோடு துன்பமும் போய்விடவில்லை. வறுமையால் ஓடியவர்களின் மனைவி மக்களையும் பெற்றோரையும் வரி தண்டுவோன் ஒருவன் பிடித்து வதைத்த கொடுமையை, அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் பிலோ முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இரண்டாம் நூற்றாண்டில், ஓடியோர் செலுத்தாத வரியை எஞ்சியிருந்த ஊரார்மீதே பங்கிட்டுச் சுமத்தினர். ஒருவன் ஓடினால் அடுத்த வீட்டான் சுமை கூடியது, அவனும் ஓடினான்.

இச்சொல்லின் வினைவடிவத்தை நாம் நற்செய்தியிலும் காண்கிறோம். ஏரோதின் வாளுக்குத் தப்ப, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு சூசையப்பர் இரவில் எகிப்துக்குச் சென்றதை மத்தேயு அவ்வினையாலேயே குறிக்கிறார். உழவர் மறைந்தோடிய நாட்டிற்கே திருக்குடும்பம் மறைந்து வந்தது!

பின்னர் அச்சொல் இன்னொரு பிறவி எடுத்தது. ஏறத்தாழ கி.பி. 270-இல், பெற்றோரை இழந்த எகிப்திய இளைஞர் ஒருவர் நற்செய்தி கேட்டு வீட்டைத் துறந்தார். அவரே நாம் வனத்து அந்தோணியார் என வணங்கும் புனிதர். அவர் வழியில் பாலைநிலம் சென்றோருக்கு 'அனகோரேட்டெஸ்', அதாவது ஒதுங்கிச் சென்றோர், என்பதே பெயராயிற்று. ஓடிப்போனவனின் பெயர் துறவியின் பெயராகிவிட்டது. துறவியர் வாழ்ந்த மலையில் வரி தண்டுவோனின் அதட்டல் இல்லை என்று, அந்தோணியாரின் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியுஸ் குறிப்பிடுவதும் கருதத்தக்கது.

இருவரும் ஒன்றாகிவிடுவார்களா? இல்லை. உழவன் போனபோது அவன் வரி அயலான் தோளில் ஏறியது. அந்தோணியாரோ, தம் தந்தைவழி வந்த 300 அரூரா நன்செய் நிலத்தை ஊராருக்கே அளித்துவிட்டுச் சென்றார். சொல் ஒன்று, விட்டுச்சென்றது வேறு. எனினும், அயலானுக்குச் சுமை வைத்த அந்த உழவனை முதலில் விரட்டியது யார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

நம் தெருவிலும் ஒரு கதவு பூட்டிக் கிடக்கக்கூடும். 'ஓடிவிட்டான்' என்று சொல்வதற்குமுன், அவனை ஓடவைத்தது எது, அதில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்போம். இரவில் புறப்பட்ட ஒரு குடும்பத்தையே நாம் பீடத்தில் வைத்து வணங்குகிறோம்.