பிரசவச் சீட்டில் உள்ள சொற்களின் கதை



ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "டீச்சர், இதுல என்ன போட்டிருக்காங்க?" என்று கீழப்பழுவூரிலிருந்து பலர் கேட்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல முடியும்.

நம் ஊரில் பிரசவத்துக்குச் சொல் பஞ்சம் இருந்ததில்லை. பனிக்குடம், நஞ்சுக்கொடி, மாலை சுற்றிப் பிறத்தல் எல்லாம் மருத்துவச்சிப் பாட்டிகளின் வாயில் புழங்கியவை. மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதிய முன்னோடி, அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். 1857-ல் 'பிரசவ வைத்தியம்' நூலைத் தமிழில் தந்தார். பிறகு தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். அந்த வழி நிலைக்கவில்லை. சீட்டு இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகிறது.

அடிக்கடி வரும் நான்கு சொற்களைப் பார்ப்போம்.

ஆப்கார்: 1952-ல் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா ஆப்கார் வகுத்த மதிப்பெண். நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, கைகால் விறைப்பு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 2 மார்க். பிறந்த முதல் நிமிடமும் ஐந்தாவது நிமிடமும் போடுவார்கள். இது அந்த நேரத்து நிலைமைதான், பிள்ளையின் அறிவுக்குப் போட்ட மார்க் அல்ல.

செபல்ஹெமடோமா: மண்டை எலும்புக்கும் அதன்மேல் உள்ள சவ்வுக்கும் நடுவே ரத்தம் கட்டிய வீக்கம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரையும். எண்ணெய் தடவி நீவக் கூடாது. மஞ்சள் காமாலை வருகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

எர்ப்ஸ் பால்சி: தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவத்தில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் இழுபட்டுக் கை தொங்குவது. ஜெர்மன் டாக்டர் எர்ப் 1874-ல் விவரித்தார். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பிசியோதெரபி தவறக் கூடாது. மூன்று மாதமாகியும் முழங்கை மடங்காவிட்டால் நிபுணரிடம் போயாக வேண்டும். "வளர வளரச் சரியாயிடும்" என்று உட்கார்ந்திருந்தால் காலம் போய்விடும்.

செரிப்ரல் பால்சி: மூளை பாதிப்பால் உடல் அசைவு தடைபடுவது. கஷ்டமான பிரசவமே காரணம் என்று 1861-ல் லண்டனில் டாக்டர் லிட்டில் சொன்னார். கருவிலேயே இருந்த கோளாறுதான் பிரசவத்தையும் கஷ்டமாக்கியிருக்கலாம் என்று 1897-ல் சிக்மண்ட் பிராய்ட் மறுத்தார். பிரசவ நேரத்து மூச்சுத்திணறலால் வருவது ஒரு சிறு பகுதிதான் என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது, "கிரகணத்துல வெளிய போனா", "முக்கத் தெரியல" என்று பெற்றவளைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். பிள்ளையைச் சுமந்தவள் பழியையும் ஏன் சுமக்க வேண்டும்?

அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சீட்டில் புரியாத சொல் இருந்தால், "இதுக்கு என்ன அர்த்தம், அடுத்து எப்ப வரணும்?" என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேளுங்கள். அந்தச் சீட்டையும் தொலைக்காமல் வையுங்கள். வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்ட பிள்ளைகள்தானே நீங்கள்.