பெப் பரிசோதனை: ஆய்வுகூடங்கள் கற்றுக்கொண்ட பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கட பெண்கள் கட்டாயம் வாசிக்க வேணும். ஆண்கள் வாசித்துவிட்டு வீட்டில் சொல்ல வேணும்.

தரம் 6 பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதற்கான சம்மதப் படிவத்தைப் பாடசாலையில் கொடுத்திருந்தோம். தோட்டத்துத் தாய் ஒருவர் அதில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"பிள்ளைக்கு ஊசி சரி டீச்சர். எனக்கும் 35 வயசாச்சு, சோதனைக்கு வரச் சொல்லி மிட்வைப் அம்மா சொன்னாங்க. போனா ஒரு பேர் போயிரும். முந்தி எங்க அக்கா போனாங்க. கண்ணாடி சரியில்ல, திரும்ப வாங்கன்னாங்க. அக்கா பயந்து போகவே இல்ல. அது என்ன டீச்சர் கண்ணாடி?"

அன்று சுருக்கமாகத்தான் சொன்னேன். வரலாறு படிப்பிக்கிறவள் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

ஜோர்ஜ் பாபனிகொலாவு 1883இல் கிரேக்க நாட்டில் பிறந்தவர். நியூயோர்க்கில் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் முதலில் கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ந்தார். பிறகு அவருடைய மனைவி அன்ட்ரோமகி வருடக்கணக்காகத் தன்னிடமிருந்தே மாதிரி எடுக்கக் கொடுத்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உயிரணுக்களைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று 1928இல் அவர் சொன்னபோது வைத்தியர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941இல் ஹேர்பர்ட் ட்ரோட் என்ற வைத்தியரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் "பெப்".

கருப்பைக் கழுத்திலிருந்து மெதுவாகச் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் பூசி, காய முன்னர் அற்ககோலால் நிலைப்படுத்தி, ஆய்வுகூடத்தில் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்தத் தாய் கேட்ட கண்ணாடி இதுதான். முதலே காய்ந்தாலோ, இரத்தம் மூடினாலோ, உயிரணு போதாவிட்டாலோ வாசிக்க முடியாது. "திரும்ப வாங்க" என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வாசிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த முறையின் பலவீனம் மனிதக் கண். 1987இல் அமெரிக்காவில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகையாளர் வோல்ட் பொக்டனிச் அதை வெளிச்சம் போட்டுக் காட்டினார். சில ஆய்வுகூடங்களில் கண்ணாடி எண்ணிக்கைக்குச் சம்பளம். அவசர அவசரமாகப் பார்த்ததில் புற்றுநோய்கள் தவறிப்போயின. அடுத்த வருடமே சட்டம் வந்தது. ஒருவர் 24 மணித்தியாலத்தில் 100 கண்ணாடிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. "பிரச்சினை இல்லை" என்றவற்றில் 10 சதவீதத்தையாவது மறுபடி பார்க்க வேண்டும் என்று விதிகள் வந்தன. 1996இல் இன்னொரு மாற்றத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. மாதிரியைத் திரவப் போத்தலில் அனுப்பினால் ஆய்வுகூடமே கண்ணாடியைத் தயாரிக்கும்.

சரி, ஆய்வுகூடமே பக்கத்தில் இல்லாத ஊர்கள்? தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற தாதியர் அசற்றிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம்தான். வித்தியாசம் தெரிந்தவர்களில் பொருத்தமானவர்களுக்கு உடனேயே சிகிச்சை. அந்தப் பிரிவில் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது.

இதற்கிடையில் ஜேர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983இல் எச்.பி.வி. 16ஐயும் அடுத்த வருடம் 18ஐயும் இந்தப் புற்றுநோயில் கண்டுபிடித்தார். 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. காரணம் வைரஸ் என்று தெரிந்ததும் வைரஸையே தேடும் பரிசோதனைகள் வந்தன. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 1,31,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரே ஒரு தடவை எச்.பி.வி. சோதனை செய்த பிரிவில் இறப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. அங்கே கண்ணாடியும் அமிலமும் அந்தளவு பலன் காட்டவில்லை. 2017இல் நெதர்லாந்தும் அவுஸ்திரேலியாவும் எச்.பி.வி. சோதனையை முதல் சோதனையாக்கின. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. இதற்கு மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். வெட்கத்தால் பின்வாங்கும் எங்கட சகோதரிகளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்!

எங்கள் நாட்டில் சுவநாரி கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. 35 வயதுப் பெண்களுக்கு பெப் பரிசோதனை இலவசம். பின்னர் 45 வயதும் சேர்ந்தது. களுத்துறை மாவட்டத்தில் எச்.பி.வி. சோதனையைப் பரீட்சார்த்தமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். தரம் 6 மாணவிகளுக்கான ஊசி 2017இல் வந்தது. ஆனால் மகளுக்கு ஊசி போட்டால் உம்மாவுக்குச் சோதனை தேவையில்லை என்றாகாது.

ஒவ்வொரு தடவையும் ஒரு பிழை தெரிந்தது, ஆய்வுகூடம் தன்னை மாற்றிக்கொண்டது. ஆனால் "ஒரு பேர் போயிரும்" என்ற பிரச்சினையை எந்த ஆய்வுகூடத்தாலும் தீர்க்க முடியாது. அது தோட்ட நிருவாகமும், தலைவர்மாரும், கணவன்மாரும் தீர்க்க வேண்டியது. வருடத்தில் ஒரு நாள், சம்பளத்தோடு. பெரிய கேள்வியா இது?

அந்தத் தாய் அடுத்த கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அக்காவையும் கூட்டிக்கொண்டு. உங்கள் வீட்டில் 35 வயது யாருக்கு என்று இன்றே கேளுங்கள்.