ஜீப்புக்கு இரும்புக் கூரை வந்த கதை

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புக்கு இரும்புக் கூரை கிடையாது. வளைத்த கம்பியின் மேல் கித்தான் துணி, அவ்வளவுதான். வேண்டாதபோது மடக்கி வைக்கலாம். முன்கண்ணாடியையும் பானெட் மேல் சாய்த்துவிடலாம். வண்டி எவ்வளவு தாழ்வாகத் தெரிகிறதோ, உள்ளே இருப்பவனுக்கு அவ்வளவு நல்லது. வில்லீஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சம் ஜீப்புகளுக்கு மேல் செய்தன. பிறகு 1969-லிருந்து ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில், நிஸான் வடிவமைப்பில் தயாரான ஜோங்காவிலும் கித்தான் கூரையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ரயில் பாதையை அழித்துவிட்டது. அதன்பின் கடைக்கோடி வரை போகவேண்டுமென்றால் மணலில் நடக்கவேண்டும், இல்லையென்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ராணுவம் கழித்து ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி, யாத்ரீகர்களை ஏற்றிப் பிழைத்தார். 1988 அக்டோபர் 2-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை, இப்படி ஒரு வண்டி தீவுக்குள் வருவதே பெரும்பாடு. மண்டபத்தில் ரயில் வாகனில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

வெயிலிலும் கடல் சாரலிலும் கித்தான் சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் பட்டறையில் தகரக் கூரை அடித்துப் போல்ட்டு போட்டு முடுக்கிக்கொண்டார். அதன்பிறகு துரு பிடிக்க ஆரம்பித்தது.

உப்புக்காற்றுத் துரு தகரத்தின் நடுவில் தொடங்காது. இரண்டு தகடு சேரும் மடிப்பிலும், ரப்பர் பீடிங்குக்கு அடியிலும், போல்ட்டுத் துளையிலும்தான் ஒளிந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கூரையை இறக்காமல் செய்கிற பெயின்ட் வேலை வீண்.

டிங்கர் வேலைக்காரர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறுகிப்போன நட்டுகளுக்கு முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். கழற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸால் எண் போட்டார். இற்ற இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபின், நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவினார். குடிக்கிற தண்ணீருக்கே குடம் தூக்குகிற ஊரில் அது சின்னச் செலவு இல்லை. நன்றாகக் காய்ந்ததும், அன்றைக்கே மடிப்பின் உட்புறம் உட்பட எல்லா இடத்திலும் ரெட் ஆக்சைடு. அப்புறம்தான் பட்டி, பெயின்ட்.

வண்டியின் உடம்பைச் சுரண்டியபோது அடியில் பழைய ராணுவப் பச்சை தெரிந்தது. அதே நிறத்தைத் திரும்ப அடிக்க வழியில்லை. ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாது என்பது மோட்டார் வாகன விதி. நீலம் அடித்தார்கள்.

நம் பழைய ரயில் பாலத்தின் கதையும் இதேதான். 1914-ல் திறந்த நாளிலிருந்து சுரண்டுவதும் பூசுவதுமாகவே அதைக் காப்பாற்றினார்கள். கடைசியில் துரு முற்றி, 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

2017-ல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது. மணலில் ஓடிய வண்டிகளுக்கு வேலை குறைந்தது. ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பின்புறத்தில் அப்படி ஒரு கூரை கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மடிப்பு நன்றாக இருந்தால் அது இன்னும் இருபது வருஷம் உழைக்கும்.