உரோமக் குடியரசில் பதவி வேட்கையும் நகர எல்லையும்

தமிழில் ‘வேட்பாளர்’ என்னும் சொல் விருப்பத்தை உணர்த்தும் ‘வேட்பு’ என்பதன் அடியாகப் பிறந்தது. அதே பொருள் தரும் ‘கேண்டிடாட்டுஸ்’ என்னும் இலத்தீன்சொல்லோ ஆடையைச் சுட்டுவது. பதவி நாடுவோர் வெண்சுண்ணம் தேய்த்து வெளுத்த மேலாடையுடன் மக்கள்முன் வந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. அவர்தம் வேட்கையைக் குறிக்கும் ‘அம்பிட்டியோ’ என்பதற்குச் ‘சுற்றி வருதல்’ என்பதே அடிப்பொருள். வாக்கு வேண்டித் திரிதலை அது குறித்தது. அவ்வினையினின்றே கிளைத்த ‘அம்பிட்டுஸ்’ தேர்தல் ஊழலுக்குப் பெயராயிற்று. ஆர்வமும் குற்றமும் ஒரே வேரினின்று பெயர் பெற்றமை கருதத்தக்கது.

உரோமானியர் இவ்வேட்கையைப் பழித்து ஒதுக்கினாரல்லர். அதனைக் கொண்டே அரசை நடத்தினர். ‘ஹொனோஸ்’ என்னும் சொல் பெருமையையும் பதவியையும் ஒருங்கே குறித்தது. பத்து ஆண்டுப் போர்ப்பணி முடியாமல் அரசியற்பதவி எதையும் ஏற்றல் இயலாது எனப் பொலிபியுஸ் குறிக்கிறார். கி.மு. 180இல் வில்லியுஸ் சட்டம் பதவிகளுக்கு வயது வரம்பு வகுத்தது. கி.மு. 81இல் சுல்லா செய்த சீர்திருத்தத்தின்படி ஆண்டுதோறும் தொடக்கப்பதவியாகிய குவெஸ்டர் இடங்கள் 20. உச்சியிலுள்ள கான்சல் இடங்களோ 2. ஏறியவருள் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிட நேர்ந்தது. போட்டி கையூட்டாக மாறியதற்கு இக்குறுகலும் ஒரு காரணம் எனலாம்.

சட்டங்கள் குறைவில்லை. கி.மு. 63இல் கான்சலாயிருந்த சிசரோ தேர்தல் ஊழலுக்குப் பத்தாண்டு நாடுகடத்தலை விதித்தார். அதே ஆண்டில் அக்குற்றம் சாட்டப்பெற்ற முரேனாவுக்காக வழக்காடி விடுதலை பெற்றுத் தந்தவரும் அவரே! குற்றம் சாட்டியவருள் ஒருவரான சுல்பிசியுஸ் அத்தேர்தலில் தோற்றவர்.

வேட்கைக்கு இடப்பட்ட மற்றொரு வரம்பு இடத்தைப் பொறுத்தது. வெற்றி உலாவை எதிர்நோக்கும் தளபதி, அந்நாள் வரும்வரை நகரின் புனித எல்லைக்கு வெளியே தங்கவேண்டும்; உள்ளே வந்தால் படைத்தலைமை அற்றுப்போகும். கான்சல் பதவிக்கு நிற்பவரோ நகருக்குள் நேரில் வந்து பெயர் தரவேண்டும். கி.மு. 60இல் இசுபானியாவினின்று திரும்பிய சீசர் இவ்விரு விதிகளுக்கிடையே சிக்கினார். நேரில் வராமலே போட்டியிட அவர் இசைவு கேட்டபோது, மார்க்குஸ் கேட்டோ பொழுது சாயும்வரை பேசி, முடிவெடுக்கவொட்டாமல் தடுத்தார். சீசர் உலாவைத் துறந்து நகருக்குள் நுழைந்து, கி.மு. 59ஆம் ஆண்டுக்குக் கான்சலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேட்கை மிக்க ஒருவர் விதிக்குப் பணிந்த நிகழ்ச்சி இது என்பதை வரலாற்று நூல்கள் போதிய அளவு வலியுறுத்துவதில்லை.

பத்தாண்டுக்குப்பின் நிலை மாறியது. நேரில் வாராமலே போட்டியிடும் உரிமையைக் கி.மு. 52இல் மக்கள் தீர்ப்பாளர் பதின்மர் கொணர்ந்த சட்டம் சீசருக்கு அளித்திருந்தது. அவ்வுரிமையை எதிரிகள் பயனற்றதாக்க முயன்றனர். படைத்தலைமையை விட்டுத் தனிமனிதராய் நகர் புகின் அவர்மேல் வழக்குத் தொடுப்பதாகக் கேட்டோ சூளுரைத்திருந்தார். இம்முறை விட்டுக்கொடுப்பதற்குரியது ஒரு நாள் உலா அன்று. அரசியல் வாழ்வு முழுவதும். தம் மதிப்பு உயிரினும் மேலானது எனச் சீசரே தம் உள்நாட்டுப்போர் நூலில் எழுதுகிறார். கி.மு. 49 சனவரியில் படையுடன் ரூபிக்கான் ஆற்றைக் கடந்தார்.

கி.மு. 46இல் கால், எகிப்து, போந்துஸ், ஆப்பிரிக்கா ஆகிய நான்கு வெற்றிகளுக்கும் அவர் உலா நடத்தினார். அவ்வாண்டின் கான்சல்கள் இருவருள் ஒருவரும் அவரே.