ரயில் வந்தது, ஓவியத்தில் ஏறவில்லை

1896 ஆகஸ்ட் கடைசி. மதுரையிலிருந்து வெங்கடராமன்னு 16 வயசுப் பையன் திருவண்ணாமலைக்குக் கிளம்புறார். பிற்காலத்தில் ரமண மகரிஷி. அவர் பார்த்த அட்லஸ் பழசு. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை அதில் இல்லை. அதனால திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துட்டார். விழுப்புரத்தில் வண்டி மாறலாம்னு கூடப் பயணம் செய்தவர் சொல்லித்தான் தெரிஞ்சது.

கீழ்பென்னாத்தூர்க்காரங்க நாங்க இன்னைக்கும் ரயில் பிடிக்க அதே திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குத்தான் பஸ் ஏறுறோம். அட்லஸ் கோட்டை விட்டது சரி, அந்தக் காலத்து ஓவியர்களாவது ரயிலைப் பார்த்தாங்களா?

ஐரோப்பாவில் விழுந்து விழுந்து வரைஞ்சாங்க. 1844இல் டர்னர், மழைக்கு நடுவே பாலத்தில் பாயும் இன்ஜினை வரைந்தார். அதுக்கு முன்னால ஒரு குட்டி முயல் ஓடும், உத்துப் பார்த்தாத்தான் தெரியும். 1877இல் மோனே, பாரிஸின் சான் லசார் ஸ்டேஷனையே ஏறக்குறைய 12 முறை வரைந்தார். எனக்குப் பிடிச்சது தோமியே வரைந்த மூன்றாம் வகுப்புப் பெட்டிதான். மடியில் கூடையோடு பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு அம்மா, தூங்கி வழியும் பையன். நம்ம பாசஞ்சர் வண்டியேதான்!

நம்ம பக்கம் 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் நடுவே ரயில் ஓடுது. ராயபுரம் ஸ்டேஷன் படம் லண்டன் பத்திரிகையில் வந்தது. படம் பார்த்த அந்த ஊர்க்காரங்களில் கம்பெனிப் பங்குதாரர்களும் இருந்திருப்பாங்க. ரயிலில் நஷ்டம் வந்தாலும் அவங்களுக்கு 5 சதவீதம் வரை வட்டி உறுதி. அந்தப் பணம் இங்கே வசூலான வரி. ஸ்டேஷன் கம்பீரமா இருப்பதைக் காட்ட வேண்டிய தேவை யாருக்கு இருந்ததுன்னு புரியுதா?

தஞ்சாவூர் ஓவியர்கள் அதுக்கு முன்பே வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகக் குயவர், நெசவாளர், பாம்பாட்டின்னு தொழில்வாரியா கணவன் மனைவியை வரைந்து ஆல்பம் ஆக்கினாங்க. ரயில் வந்தபோது கேமராவும் வந்துடுச்சு, அந்தத் தொழில் படுத்துடுச்சு. தண்டவாளத்துக்கு மண் சுமந்த ஜோடிக்கு அந்த ஆல்பத்தில் ஒரு பக்கம் கிடைக்காமலே போச்சு. எனக்கு இதுதான் உறுத்துது.

ராஜஸ்தானின் ஷெகாவதியில் கதை வேற. வியாபாரிகளின் மாளிகைச் சுவரில் கிருஷ்ணருக்குப் பக்கத்திலேயே ரயிலும் வந்துடுச்சு. நேரில் பார்க்காமலே வரைந்தவங்களும் உண்டுன்னு சொல்வாங்க. சில படங்களில் பெட்டிகள் வரிசை வீடுகள் மாதிரி நிற்கும்.

ரவி வர்மா? தம்பி ராஜராஜ வர்மாவோடு ரயிலில் ஊர் ஊராப் போய் வரைந்த மனுஷன். ஆனா அவர் பேர் சொன்னதும் நினைவுக்கு வருவது தேவியரும் புராண நாயகிகளும்தான். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவலா பக்கம் மலவ்லிக்குப் போனது. அதுவும் பம்பாய்–புனே ரயில் பாதையில் இருக்கும் ஊர்தான். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நாடு முழுக்க வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. தாமரை மேல லட்சுமி, பக்கத்தில் மாலையோடு யானை, உங்க பாட்டி வீட்டிலும் இருக்கலாம். இருந்தா அடியில் அச்சகத்தின் பேர் இருக்கான்னு பார்த்து எங்களுக்கு எழுதுங்க.